தள்ளிப்போடுகிற மாத்திரை

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கை மருமகள்தான் ஏற்ற வேண்டும். மற்ற நாட்களில் யார் ஏற்றினாலும் சரி. வெள்ளிக்கிழமை மட்டும், நான் வேலை முடிந்து சிங்கப்பெருமாள் கோவிலில் மின்சார ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து சேலையூர் வந்து சேர எவ்வளவு நேரமானாலும், திரி போட்டு எண்ணெய் ஊற்றிய குத்துவிளக்கு எனக்காகக் காத்திருக்கும். பக்கத்தில் தீப்பெட்டியோடு என் மாமியாரும் காத்திருப்பார்.

சில வெள்ளிக்கிழமைகளில் நான் ஒரு வாக்கியம் சொல்வேன். "இந்த வாரம் நீங்க ஏத்துங்க, அத்தை." அவர் ஏன் என்று கேட்க மாட்டார். தீப்பெட்டியை எடுப்பார், ஏற்றுவார். நான் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் கர்ப்பப்பையைப் பற்றி நானும் அவரும் பேசிக்கொண்ட ஒரே பேச்சு அதுதான். அவர் மகன் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் அதற்கு மேல் என்ன பேசிவிட முடியும்.

மாமியார் என்றவுடன் படிக்கிறவர்கள் மனதில் ஒரு முகம் வரும். அந்த முகத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என் அத்தை தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பிடித்த காபியை எனக்குப் பிடித்த கசப்போடு போட்டுத் தருகிறவர். ஆனால் விதி என்றால் விதி. தபால்தலை ஒட்டாத உறையை அவர் எப்படி வாங்கியிருக்க மாட்டாரோ, அப்படித்தான் அந்த மூன்று நாட்களில் பூஜை அலமாரிப் பக்கம் என்னை விடவும் மாட்டார். சமைக்கலாம், சோபாவில் உட்காரலாம், அலமாரியை மட்டும் தொடக்கூடாது. இதற்காக நான் அவரோடு சண்டை போட்டதில்லை. எனக்கு அந்த நாட்களில் சண்டை போடத் தெம்பு இருந்ததே இல்லை.

வலி அப்படிப்பட்டது. எல்லோருக்கும் வருகிற வலிதான் என்று நானே பல வருடம் நம்பினேன். அடிவயிற்றில் தொடங்கி இடுப்பைச் சுற்றிக்கொண்டு தொடைக்கு இறங்கும். மலம் கழிக்கும்போதுகூட உயிர் போகும். ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பேன். காலையில் ஊரெல்லாம் வடக்கே பீச் பக்கம் போகும்போது நான் தெற்கே போகிறவள் என்பதால் உட்கார இடமாவது கிடைத்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவள்.

நான் வேலை பார்ப்பது வண்டிகளுக்குப் போகும் ரப்பர் வளையங்கள் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில். வளையத்தை அளந்து பார்த்து, அளவில் நிற்காததைச் சிவப்புத் தட்டில் போடுவது என் பொறுப்பு. 'கொஞ்சம்தானே மேடம், மாட்டினா சரியாயிடும்' என்ற பேச்சு என்னிடம் செல்லாது. என் வலி விஷயத்தில் மட்டும் ஊரே எனக்கு அதைத்தான் சொன்னது. பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோது, புதுசுல அப்படித்தான், போகப் போக சரியாயிடும் என்றார்கள். கல்லூரியில் பரீட்சையை விட்டுவிட்டு வந்தபோது, கல்யாணம் ஆனா சரியாயிடும் என்றார்கள். கல்யாணமும் ஆனது. ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று அடுத்ததைச் சொன்னார்கள். இப்படி ஒரு பொருள் எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்தால் முதல் நாளே சிவப்புத் தட்டில் போட்டிருப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வலிக்கு மருந்து எங்கள் சமையலறையிலேயே இருந்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அத்தையிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதில் தள்ளிப்போடுகிற மாத்திரை வைத்திருப்பார். குடும்பத்தில் கல்யாணம், கிரகப்பிரவேசம், காதுகுத்து என்று எது வந்தாலும், பத்திரிகையில் தேதியைப் பார்த்த கையோடு, "உனக்கு எப்ப?" என்று கேட்பார். நான் சொல்வேன். இடிக்கிற மாதிரி இருந்தால் டப்பா திறக்கும். எனக்கு மட்டுமல்ல, நாத்தனாருக்கு, ஓரகத்திக்கு, ஊரிலிருந்து வரும் சித்தி மகள்களுக்கு, எல்லோருக்கும் அத்தைதான் விநியோகம். மெடிக்கல் ஷாப்பில் போய், "தள்ளிப்போற மாத்திரை ஒரு அட்டை குடுப்பா" என்றால் போதும், கொடுத்துவிடுவார்கள். டாக்டர் சீட்டு என்று யாரும் வாயெடுத்ததில்லை. சாமி காரியத்துக்கு எதற்கு டாக்டர்.

அந்த மாத்திரை போட்ட விசேஷங்களில் நான் நன்றாக இருந்திருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறி, கோலம் போட்டு, மாடிக்கும் கீழுக்கும் ஓடி, எல்லோரும் என்னை மெச்சினார்கள். வீடு திரும்பி மாத்திரையை நிறுத்தியதும் வலி சேர்த்து வைத்துக்கொண்டு வந்து புரட்டி எடுக்கும். நான் அதை ஓடியாடியதன் அசதி என்று நினைத்தேன். அளவெடுப்பதே பிழைப்பாக இருக்கிறவளுக்கு இது தோன்றாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கடுப்பு வரும்.

கடைசியில் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனது என் கணவர். கேளம்பாக்கத்தில் கணினி வேலை. ஒரு நாள் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் அழுவதைக் கேட்டிருக்கிறார். மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, குரோம்பேட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டார். ஸ்கேனில் இடது சினைப்பையில் ஒரு கட்டி தெரிந்தது. பழைய ரத்தம் தேங்கி நிறம் மாறிப்போவதால் அதைச் சாக்லேட் கட்டி என்பார்களாம். இந்தப் பெயரை வைத்தவர் யாரோ, அவருக்கு நிச்சயம் கர்ப்பப்பை இருந்திருக்காது.

நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார் டாக்டர். கர்ப்பப்பையின் உட்பக்கம் மாதாமாதம் தடித்து உதிர்கிற சவ்வு போன்ற ஒன்று, இருக்கக்கூடாத இடங்களில், சினைப்பை மேல், குடல் மேல், கர்ப்பப்பைக்குப் பின்னால், ஒட்டிக்கொண்டு வளர்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறும்போது உள்ளே இருப்பது வளர்வதுபோல் வெளியே இருப்பதும் வளர்கிறது. உள்ளே இருப்பது உதிர்ந்து வெளியேற வழி உண்டு. வெளியே இருப்பதற்கு வழி இல்லை. அது அங்கேயே கசிந்து, புண்ணாகி, பக்கத்தில் இருப்பதையெல்லாம் ஒட்டவைத்துக்கொள்கிறது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பயப்பட வேண்டிய இடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, என் வலி பொய் இல்லை என்று ஒருவர் எனக்குச் சொல்லிவிட்டார்.

தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன். இடைவெளி விடாமல் சாப்பிட வேண்டும், மாதவிடாய் நின்றுபோகும், வலி அடங்கும், ஆனால் நோயை வேரோடு எடுத்துவிடாது என்றார். சாப்பிடும்வரை குழந்தை நிற்காது. குழந்தை வேண்டும் என்னும்போது நிறுத்தலாம், நிறுத்தினால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகிவிடாது. நானும் கணவரும் வெளியே வந்து ஒரு கரும்புச் சாறு கடையில் நின்று பேசினோம். ஒரு வருடம் சாப்பிடுவது, வலி அடங்கி நான் மனுஷியாக நடமாடிய பிறகு குழந்தையைப் பற்றி யோசிப்பது என்று முடிவு செய்தோம். எனக்கு முப்பது தாண்டிவிட்டது, எனவே அது எனக்குச் சின்ன முடிவு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "வலிக்கு மாத்திரை குடுத்திருக்காங்கம்மா" என்றார் என் கணவர். அத்தை, "நல்லது, ஒழுங்கா சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளிக்கப் போனார். ஹார்மோன் என்ற சொல்லை நாங்கள் எடுக்கவில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் நல்ல பெயர் எடுத்ததில்லை. எதிர் ஃப்ளாட்டில் ஒரு பெண் உடம்பு பெருத்தபோதும், அத்தையின் தங்கை மகளுக்கு முடி கொட்டியபோதும், "ஹார்மோன்ல கை வெச்சா அப்படித்தான். அப்புறம் உடம்பு சொன்ன பேச்சைக் கேக்காது" என்று அத்தை தீர்ப்பு சொல்லியிருந்தார்.

மாத்திரை வேலை செய்தது. முதலில் கொஞ்ச நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறை பட்டது, பிறகு சுத்தமாக நின்றது. வலியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. ஒரு நாள் வண்டலூர் தாண்டும்போது, ரயிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறேன் என்பதைக் கவனித்தேன். கையில் முறுக்கு வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே இருந்த அம்மாள் என் கையிலிருந்த முறுக்கையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாத்திரைக்கும் சேட்டைகள் உண்டு. காலையில் கொஞ்சம் குமட்டும். சாயங்காலம் தூக்கம் தூக்கமாக வரும். உடம்பு லேசாகப் பூசினாற்போல் ஆனது. காரணமே இல்லாமல் சிடுசிடுவென்று இருப்பேன். பிறவியிலேயே சிடுசிடுப்புதான் என்பதால் அந்த ஒன்றை மட்டும் வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மற்றவை எல்லாவற்றையும் ஒருவர் கண்டுகொண்டிருந்தார். ஒரு நாள் ஃப்ரிட்ஜில் பப்பாளி இல்லை. கேட்டால், "நல்லதா கிடைக்கல" என்றார் அத்தை. அப்புறம் எள்ளுருண்டை டப்பா காணாமல் போனது. மாதுளம்பழம் உரித்துக் கிண்ணத்தில் வந்தது. பாலில் குங்குமப்பூ மிதந்தது. துணி வாளியைத் தூக்கப் போனால், "வை, நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டார். வலியில் மெலிந்த உடம்பைத் தேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் எல்லாவற்றையும் சந்தோஷமாகத் தின்றேன். இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானே விளக்கேற்றினேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய வேலையே வரவில்லை. ஒரு வெள்ளி, அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று அத்தை தீப்பெட்டியை நீட்டியபடி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி நிமிர்ந்தபோது, அத்தை என் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டார்.  முகத்தைப் பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். "மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னு நீ வாயத் தொறக்காம இருக்க. எனக்குத் தெரியாதா. உன் நாத்தனார்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். வேற யார்கிட்டயும் மூச்சு விடல."

எனக்கு ஒரு கணம் ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கியபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பப்பாளி, எள்ளுருண்டை, குங்குமப்பூ எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. கணவர் கேளம்பாக்கத்திலிருந்து இன்னும் வரவில்லை. நான்தான் சொல்லியாக வேண்டும்.

"அத்தை, அப்படி ஒண்ணும் இல்ல."

"என்கிட்டயுமா மறைக்கணும்?"

"மறைக்கல அத்தை. நின்னது மாத்திரையால. வலிக்குக் குடுத்தது ஹார்மோன் மாத்திரை. அது சாப்பிட்டா வராது."

அவர் முகம் மாறியதை எழுத எனக்குத் தெரியவில்லை. அடுப்பில் பால் இருந்தது. போய் அதை அணைத்துவிட்டு, அங்கேயே திரும்பாமல் நின்றார்.

"மாசக்கணக்கா நிறுத்தியே வெச்சிருக்கியா?"

"ஆமா அத்தை. ஒரு வருஷம் சாப்பிடணும்."

"ஓடற வண்டியை ஒரு வருஷம் நிறுத்தி வெச்சா துருப்பிடிக்காதா? அப்புறம் குழந்தை எங்கேர்ந்து வரும்? படிச்சவங்கதானே ரெண்டு பேரும்?"

நானும் சும்மா இருக்கவில்லை. "இவ்வளவு வருஷம் வலியில துடிச்சேனே, அப்ப வண்டி நல்லா ஓடிச்சா?" என்று கேட்டுவிட்டேன்.  கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டோம்.

அதன்பின் வந்த நாட்கள் கசப்பானவை. சத்தம் இல்லை. சாப்பாடு வந்தது, காபி வந்தது, மாதுளை வரவில்லை. நாத்தனாரிடம் ஃபோனில், "இல்லடி, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டேன். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் போய் வேறென்னவோ வந்தது. ஆசைப்பட்டது அவர் மட்டும் இல்லையே. அந்த மல்லிகைச் சரம் தலையில் ஏறிய அந்தக் கணத்தில், உண்மை தெரிந்த எனக்கே, ஒருவேளை இருக்குமோ என்று ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நிறுத்தினால் வீடு பழையபடி ஆகிவிடும், நானும் பழையபடி ஆகிவிடுவேன். ரயில் ஜன்னல் கம்பி நினைவுக்கு வந்தது. மாத்திரையை விழுங்கினேன்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போன சனிக்கிழமை, செருப்பு மாட்டும்போது அத்தையும் புடவை மாற்றிக்கொண்டு நின்றார். "நானும் வரேன். நானே கேக்கறேன்" என்றார். அவர் குரலில் சமாதானம் எதுவும் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டரிடம் நேராகவே கேட்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றியும் சொல்லவில்லை.

டாக்டர் முன்னால் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஹார்மோனை இப்படி மாசக்கணக்கா குடுக்கறது சரியா டாக்டர்? உடம்பு தாங்குமா?"

டாக்டர் அவசரப்படவில்லை. "ஹார்மோன் நான் புதுசா குடுக்கலம்மா, அவங்க உடம்புலயே ரெண்டு இருக்கு. ஒண்ணு, வளருன்னு சொல்லும். அது ஈஸ்ட்ரோஜன். இன்னொண்ணு, போதும்னு சொல்லும். அது புரோஜெஸ்டிரோன். இவங்களுக்கு வெளிய வளருற அந்தத் திசு, வளருன்னா உடனே கேக்குது. போதும்னா காதுல வாங்கிக்கறது இல்ல. அது மட்டும் இல்ல, ஈஸ்ட்ரோஜனைத் தானே கொஞ்சம் தயாரிச்சும் வெச்சுக்கும். அதனால மாத்திரையா குடுத்து, போதும்னு கொஞ்சம் சத்தமா சொல்றோம். சினைப்பையும் அடங்கி, ஈஸ்ட்ரோஜன் குறையுது. தீனி குறைஞ்சா அது சுருங்குது."

"நின்னு போனா உள்ள கெட்டது சேராதா?"

"சேர்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. உள்சவ்வு தடிக்கவே இல்லையே, எது உதிரும்?"

அத்தை கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "அப்ப, கல்யாணம் காட்சிக்குத் தள்ளிப்போடறதுக்குப் போடறோமே, ஒரு மாத்திரை?"

"அதுவும் இந்தக் குடும்பம்தான். அதுவும் ஹார்மோன்தாம்மா. அதையும் டாக்டரைக் கேக்காம போடக்கூடாது. எல்லாருக்கும் அது ஒத்துக்காது."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிஸ்கட் டப்பா எங்கள் இருவர் கண்ணிலும் தெரிந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையைப் பற்றி அவர் கேட்டதற்கு டாக்டர் மழுப்பவில்லை. நிறுத்திய பிறகு சிலருக்குத் தானாகக் கரு நிற்கும், சிலருக்கு உதவி வேண்டியிருக்கும், இப்போதே யாரும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். மாத்திரையை நிறுத்தச் சொல்லி அத்தை கேட்கவில்லை. தொடரச் சொல்லியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது தாம்பரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சானடோரியம் தாண்டியதும் வெளியே பார்த்தபடியே பேசினார்.

"எனக்கு முப்பத்தெட்டு வயசுல எடுத்துட்டாங்க. உன் வீட்டுக்காரன் அப்ப எட்டாவது. வலிக்குதுன்னு போனேன். எடுத்துடலாமான்னாங்க. எடுத்துடுங்கன்னேன். என்ன ஏதுன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம், கவுன்ட்டர்ல உக்காந்திருக்கும்போதே குப்புனு வேர்க்கும். திடீர்னு அழுகை வரும். ஆம்பளைங்க வரிசையில நிப்பாங்க, நான் முந்தானையால தொடச்சுக்கிட்டே ஸ்டாம்ப் குடுப்பேன்."

"அதுவும் ஹார்மோன்தான் அத்தை. கர்ப்பப்பையோட சினைப்பையையும் சேர்த்து எடுத்திருப்பாங்க" என்றேன்.

"என்னத்த எடுத்தாங்களோ" என்றார். 

அன்று இரவு என் கணவர், அம்மா ஒத்துக்கொண்ட மாதிரிதான் என்றார். மாதிரி என்ற சொல்லை நான் வேலையிலும் ஏற்பதில்லை, வீட்டிலும் ஏற்பதில்லை. அத்தை எதையும் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒவ்வொரு நாளும் மாத்திரையை நான் அவருக்கு முன்னாலேயே விழுங்கினேன். அவர் பார்க்காததுபோல் பாத்திரம் அடுக்கினார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போக வேண்டும் என்றார். நான் கர்ப்பம் என்று நினைத்திருந்த நாட்களில், என்னைக் கூட்டிவந்து நெய்விளக்கு ஏற்றவைப்பதாக நரசிம்மரிடம் வேண்டிக்கொண்டாராம். "அதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே, அத்தை" என்றேன். "சொன்னது சொன்னதுதான். அவருக்கென்ன தெரியும் மாத்திரை" என்றார். வாரம் முழுக்கப் போய்வருகிற ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையும் போவதா என்று எனக்கு எரிச்சல். அதைவிட, உள்ளே ஒரு பயம். அந்தக் கோயிலில் சாமி இருக்கும் குகையைச் சுற்றிவரும் வழியில் ஒரு அழிஞ்சில் மரம் உண்டு. பிள்ளை வேண்டுகிறவர்கள் அதற்குச் சந்தனமும் மஞ்சளும் பூசுவார்கள். அந்த மரத்தடியில் என்னை நிறுத்தி, 'மாத்திரையை விட்டுடு' என்று சாமி முன்னால் சத்தியம் கேட்டால் என்ன செய்வேன்? முடியாது என்று சொன்னால் அவர் மனது உடையும். சரி என்று சொன்னால் என் உடம்பு உடையும். இதையே நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

மறைமலைநகர் நெருங்கும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. கறை. இத்தனை மாதம் எட்டிப் பார்க்காதது, சரியாக அன்றைக்கு. சில சமயம் நடுவில் இப்படிப் படும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததுதான். வலி துளியும் இல்லை. சொல்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று கிளம்பி வந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு அது முடியவில்லை.

கோயில் வாசலில் அத்தை இரண்டு நெய்விளக்கு வாங்கினார். ஒன்றை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"நீங்க ஏத்துங்க, அத்தை" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். கையில் இரண்டு அகல். இத்தனை வருடத்தில் எத்தனை முறை இந்த வாக்கியத்தை அவரிடம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் தலையை ஆட்டிவிட்டு விளக்குப் பக்கம் திரும்பியிருக்கிறார். இந்த முறை திரும்பவில்லை. என் முகத்தைத் தேடிப் பார்த்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை. அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு வலி இருந்தது என்று அத்தை இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் இருந்தது. 

"இல்ல அத்தை. கொஞ்சம் கறைதான். மாத்திரை சாப்பிடும்போது இப்படி வரும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"வலி இல்லையே?"

"இல்ல."

அத்தை யோசித்தார். பின்னால் வந்தவர்கள் எங்களை விலக்கிக்கொண்டு படியேறினார்கள். தபால் நிலையத்துக் கவுன்ட்டரில், விதிப் புத்தகத்தில் இல்லாத ஒரு பொட்டலம் வந்தால் இப்படித்தான் நின்றிருப்பார் போலும். பிறகு ஒரு அகலை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மடித்துவிட்டார்.

"அப்ப அது தூரம் இல்ல. மருந்து" என்றார். "வா."

உள்ளே போய் ஏற்றினேன். அவருடையதும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன. சுற்றிவரும் வழியில் மரம் வந்தது. அதன் அடியில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். நான் நடையைத் தளர்த்தினேன். அத்தை நிற்கவில்லை. மரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ஒரு வருஷம் முடியட்டும், அப்புறம் வரலாம்" என்றார். "மாத்திரையைப் பையில எடுத்து வெச்சியா? வீட்டுக்குப் போக லேட்டாயிடும்."